எங்கள் கவிதைகளில் வந்த கருந்துளை

கலைப்பீடத்தில படிக்கிற எங்களுக்குக் கருந்துளை எண்டால் நல்ல வசதி. காதல் தோல்வி, சோதனை, நாட்டு நிலவரம் எல்லாத்துக்கும் அந்த ஒரே உவமைதான். கிட்டப் போனவரைக் கிழித்து விழுங்கும் பூதமாகவே அதை எழுதினோம். 2019 ஏப்ரலில் எம் 87 இன் ஒரேஞ் வளையப் படம் வந்தபோதும் அப்படித்தான் நினைத்தோம்.

பிறகு வாசித்துப் பார்த்தால் விசயம் வேறு. ஒரு விண்மீன் இறந்து உருவாகும் கருந்துளை சூரியனைப்போல 10 மடங்கு நிறை எண்டு வைப்போம். அதன் எல்லை மையத்திலிருந்து வெறும் 30 கி.மீ. தான். அங்கே காலை இழுக்கும் விசைக்கும் தலையை இழுக்கும் விசைக்கும் பெரிய வித்தியாசம். எல்லைக்குப் போக முதலே ஆள் இடியப்பம்போல இழுபட்டுப் போவார்.

எங்கள் பால்வீதியின் நடுவில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் சூரியனைப்போல 40 இலட்சம் மடங்கு நிறையானது. அதன் எல்லை மையத்திலிருந்து 1 கோடி கி.மீ.க்கும் அப்பால். அவ்வளவு தள்ளி நிற்கும்போது தலைக்கும் காலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒண்டுமே இல்லை எண்டு சொல்லலாம். சுற்றியுள்ள சூடான வாயுவை விட்டுவிட்டால், ஒருவர் எல்லையைத் தாண்டியதை உணரவே மாட்டார். சுவர் இல்லை, நோவு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒளிகூடத் திரும்பாது. வெளியில் நிற்பவருக்கு அவர் வரவர மெதுவாகி, சிவந்து, மங்கிப்போவதுதான் தெரியும்.

இதை வாசித்தபோது எங்கட பட்சில இருந்த ஒருத்தன் ஞாபகத்துக்கு வந்தான். முதலில் காலை லெக்சருக்கு வரவில்லை. பிறகு ஒரு கிழமை. பிறகு மெசேஜுக்குப் பதில் ரெண்டு நாள் கழிச்சு வந்தது. சண்டை இல்லை, அழுகை இல்லை. 'அவன் அப்பிடித்தான்' எண்டு சொல்லிக்கொண்டு நாங்கள் கன்டீனில் இருந்து கவிதை எழுதினோம். பூதத்தை எதிர்பார்த்திருந்தபடியால் இந்த அமைதி எங்களுக்கு விளங்கவில்லை.

அதே கருந்துளையை எஸ் 2 எண்ட விண்மீன் 16 வருசத்துக்கு ஒருக்காச் சுற்றுகிறது. 2018 மே மாதம் மிகக் கிட்டப் போய்விட்டுத் திரும்பியது. கிட்டப் போனதெல்லாம் விழுவதில்லை. எல்லையைத் தாண்டினால்தான் திரும்ப வழியில்லை.

போன கிழமை அவனுக்குக் கோல் எடுத்தோம். மூன்றாவது தரம் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போறோம்.