பாடம் பண்ணின மீனுக்குப் பின்னால் என்ன எழுதணும்?

செத்த மிருகத்தைப் பாடம் பண்ணி வைப்பது என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது கண்டி ராஜாதான். பெரஹராவில் பல வருஷம் பேழை சுமந்த அந்தக் கொம்பன் யானை 1988இல் செத்தது. தோலைப் பதப்படுத்தி, தலதா மாளிகை வளவிலேயே அதுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி நிறுத்தி வைத்தார்கள். 2022இல் நெதுன்கமுவ ராஜா செத்தபோதும் அப்படியே செய்யச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. யானைக்குச் செய்தால் அது மரியாதை. அதையே ஒரு மீனுக்குச் செய்தால்? "ஏன்டா, கொழம்பு வைக்க வேண்டியத செவத்துல மாட்டி வச்சிருக்க?" இதுதான் எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை.

அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரம்புக்கனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் மீன் என்றால் ஒன்று குழம்பு, இல்லாட்டி கருவாடு. மூணாவதா ஒன்று இருக்கு என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கருவாட்டை விட்டு ரொம்பத் தூரம் போன வேலையும் இல்லை இது. இரண்டிலும் ஒரே சண்டைதான்: தண்ணியை வெளியே எடுக்கணும், அழுகலை உள்ளே விடக்கூடாது. கருவாட்டில் சதை மிஞ்சுகிறது. இதில் தோல் மட்டும்தான் மிஞ்சும்.

எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மீனின் எந்தப் பக்கத்தை ஆள்கள் பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் முடிவு பண்ணணும். அந்தப் பக்கத்தில் கத்தி படக்கூடாது. செதில் சுரண்டக் கூடாது, வயிற்றைக் கிழிக்கக் கூடாது. ஒரு அட்டையில் மீனை வைத்து அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளணும். பிறகு மறைந்திருக்கும் பக்கத்தில் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் ஒரே வெட்டு. தோலை மெதுவாகப் பிரித்து, செட்டைகளின் அடி எலும்பை உள்ளேயிருந்து கத்தரித்து, சதை முழுவதையும் எடுக்கணும். கன்னத்துச் சதை, கண், மூளை எதுவும் மிஞ்சக்கூடாது. கொழுப்பு விஷயத்தில் பொறுமை வேணும். தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பு மாசக்கணக்கில் கசிந்து, பெயின்ட் மேலே மஞ்சளாக வந்து நிற்கும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உள்பக்கம் வெண்காரம் தடவணும். நகை ஊதிப் பற்றவைக்கும்போது பத்தர்கள் போடுகிற அதே வெண்காரம்தான். அது தோலைக் காய வைக்கும், பூச்சியை அண்ட விடாது.

அட்டையில் போட்ட கோட்டை வைத்து ரெஜிபோமில் ஓர் உடம்பு செதுக்கி, தோலுக்குள் வைத்துத் தைத்து, செட்டைகளை விரித்து இரண்டு அட்டைக்கு நடுவே குண்டூசி குத்தி நிறுத்தினால், பிறகு காய வேண்டியதுதான். காய்ந்த இடத்தில் இரண்டு மூணு வாரம் போதும். எங்கள் பக்கத்து மழையில் அதை நம்ப முடியாது. காற்றாடியைப் போட்டுவிட்டு, பூஞ்சணம் பிடிக்குதா, எறும்பு ஏறுதா என்று தினமும் பார்க்கணும்.

காய்ந்து முடித்த மீனை முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அதில் நிறமே இருக்காது. பழைய பிரவுன் பேப்பர் மாதிரி இருக்கும். மீனின் வெள்ளி மினுக்கம் சாயம் கிடையாது. தோலில் இருக்கும் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தட்டுகள் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வருவது அது. செத்துக் காயும்போது அந்த மினுக்கம் மங்கிவிடும். சிவப்பு, மஞ்சள் சாயங்களும் நிற்காது. கறுப்புதான் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆக, சுவரில் மாட்டியிருக்கும் மீனில் தோல் மட்டும்தான் மீனுடையது. உடம்பு ரெஜிபோம், கண் கண்ணாடி, நிறம் முழுக்க நாம் பூசினது.

இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது இங்கேதான். நிறத்தை எங்கிருந்து எடுப்பது? உயிரோடு இருக்கும்போது பார்த்து வைத்திருந்தால்தான் உண்டு. திலாப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட மீன், இப்போது இல்லாத குளம் இல்லை. சந்தையில் ஐஸில் கிடப்பதைப் பார்த்து நிறம் பூசினால் சாம்பல்தான் பூசுவோம். ஆனால் முட்டை போடும் காலத்தில் மொசாம்பிக் திலாப்பியாவின் ஆண் மீனைத் தண்ணிக்குள் பார்த்தால் ஆளே வேற: உடம்பு கன்னங்கரேல் என்று, தொண்டை வெள்ளையாக, முதுகுச் செட்டையிலும் வாலிலும் ஓரமெல்லாம் சிவப்பு. தரையில் பள்ளம் தோண்டி அதைக் காவல் காத்துக்கொண்டு நிற்கும். எங்கள் அணைக்கட்டில் அதைப் பார்ப்பதற்கென்றே நான் பல சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன். பாடம் பண்ணும் வேலையில் பாதி, கத்தியை எடுக்கும் முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

முடிந்த மீனை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? போனில் படம் எடுத்து அனுப்பினால் பையன்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எத்தன கிலோ மச்சான்?" இது இன்றைக்கு வந்த கேள்வி இல்லை. மீனை மாட்டி வைக்கும் பழக்கத்தோடு கூடவே வந்த கேள்வி. அந்தக் கேள்வியோடு மட்டும் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் காவிரியில் ஒரு கதை இருக்கிறது.

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் முதுகில் திமில் மாதிரி மேடு உள்ள ஒரு மகசீர் மீன் உண்டு. மெட்ராஸ் மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட தூண்டில் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதினார். உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் அதைத் தேடி வந்தார்கள். மைசூரில் வான் இங்கன் என்று ஒரு குடும்பம். மகாராஜாக்களும் வெள்ளைக்காரர்களும் சுட்ட புலி, சிறுத்தைகளை ஆயிரக்கணக்கில் பாடம் பண்ணிக் கொடுத்தவர்கள். அந்தக் குடும்பத்து டி வெட் வான் இங்கன் 1946இல் கபினி ஆற்றில் 120 இறாத்தல் மீன் ஒன்றைப் பிடித்தார். கிட்டத்தட்ட 54 கிலோ! எடை பதிவாகிவிட்டது. வருஷம் பதிவாகிவிட்டது. பிடித்தவர் பேரும் பதிவாகிவிட்டது. அந்த மீன் எந்த இனம் என்பது மட்டும் தீரவில்லை.

கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களை வைத்து 2007இல் ஆய்வாளர்கள் ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். கே. ரெமாதேவி என்ற விலங்கியல் ஆய்வாளரின் பெயரால் டோர் ரெமாதேவி. தமிழ்நாட்டு மோயாற்றில் பிடித்த மீன்களோடு ஒப்பிட்டு, காவிரியின் திமில் மகசீரும் அதுவும் ஒன்றுதான் என்று 2018இல்தான் உறுதியாகச் சொன்னார்கள். அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் ஏறியது. தாமஸின் புத்தகத்திலிருந்து கணக்குப் போட்டால் 145 வருஷம். அத்தனை காலமும் அந்த மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். கிலோ தெரிந்தது, பெயர் தெரியவில்லை. பெயரே உறுதியாகாத மீனை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே, கலாபிட்டமட பக்கத்தில் ஓர் ஓடை இருக்கிறது. பெத்தியா பண்டுலா என்ற சின்ன மீன், நாலு சென்டிமீட்டர் அளவுதான், இயற்கையாக வாழ்வது அந்த ஓர் ஓடையில் மட்டும். 1991இல் கொட்டெலாட்டும் ரோகான் பெதியாகொடவும் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஓடையைச் சுற்றி வயலும் ரப்பரும் வீட்டுத் தோட்டமும்தான். பெரிய காடு எதுவும் இல்லை. நாம் தினமும் தாண்டிப் போகிற ஓடை மாதிரி ஓர் ஓடை. அதில் ஒரு வருஷம் யாராவது தப்பான மருந்தைக் கொட்டினால் உலகத்திலேயே இயற்கையாக வாழும் அந்த மீன் அதோடு சரி. இந்த மீனைப் பாடம் பண்ணக் கூடாது, பிடிக்கவும் கூடாது, ஆசை இருந்தாலும். அதைப் பார்க்கணும், வரையணும், அது இருக்கிறது என்று ஆள்களுக்குச் சொல்லணும். அவ்வளவுதான்.

அதனால் எனக்கு நானே சில வரம்பு வைத்திருக்கிறேன். புதுசா தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். பாடம் பண்ணுவதற்கென்று மீனைக் கொல்ல வேண்டாம். எப்படியும் குழம்புக்குப் போகிற சந்தை மீன் போதும். இல்லாட்டி, மீன்தொட்டியை சுத்தம் பண்ண வாங்கி, பெரிசானதும் ஆற்றில் விட்டுவிடுகிறார்களே, அந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி. அது நம் நாட்டு மீன்களுக்குத் தொல்லை. உடம்பெல்லாம் எலும்புத் தகடு என்பதால் காயும்போது உருவம் அவ்வளவாகக் கெடாது, கை பழக நல்லது.

இன்னொரு வழி எங்கள் தோட்டத்திலேயே இருந்தது: ரப்பர் பால். அமோனியா கலந்தால் பால் உறையாமல் நிற்கும். கழுவித் துடைத்த மீன் மேல் அதை மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய விட்டு, பல தடவை பூசினால் ஒவ்வொரு செதிலும் பதிந்த ஓர் உறை கிடைக்கும். பின்பக்கம் பிளாஸ்டர் போட்டுத் தாங்க வைத்து, மீனை எடுத்துவிட்டு உள்ளே பிளாஸ்டர் ஊற்றினால் அச்சு அசலாக ஒரு மீன். ஒரு அச்சில் பல மீன் வார்க்கலாம். எங்கள் வீட்டில் பால் வெட்டுவது அப்பாவின் வேலை. அந்தப் பால் ஷீட்டாகி எங்கேயோ போவதைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறார். அது ஒரு மீனாகி லயத்துக்கே திரும்பி வந்ததும், கையில் வாங்கிச் செதிலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். குழம்புக்கும் நஷ்டம் இல்லை. உறை உரிச்சதும் மீனைச் செதில் தேய்த்துக் கழுவிக் குழிக்குள் புதைக்காமல் இருந்தால் போதும் என்று அம்மா முதலில் நினைத்தார். அமோனியா பட்ட மீன் சட்டிக்கு ஆகாது என்று நான்தான் சொல்லித் தடுத்தேன். "அப்ப நஷ்டந்தான்" என்றார்.

அப்படி வார்த்த மீன்களைக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவருக்கும் ஒன்று போனது. அவர் எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. "இத எங்க தம்பி புடிச்ச?" என்றார். இடத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், வாய் திறந்துவிட்டது. அந்த ஓடையில் முன்பு எங்கே குளிப்பார்கள், கூடை போட்டு எந்த மீனைப் பிடிப்பார்கள், எந்தக் கல்லுக்கு அடியில் லூலா கிடக்கும், எப்போதிருந்து காணாமல் போச்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தக் கல்லுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. மீனைக் கொடுக்கப் போனவன், ஒரு ஓடையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மீனுக்கும் பின்னால் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். நூதனசாலைகளில் போத்தலுக்குள் கிடக்கும் நிறம்போன மீனுக்கு மதிப்பு வருவது அதோடு இருக்கும் சீட்டால்தான். எங்கே, எப்போ, யார் என்று இல்லாத மீன் வெறும் அலங்காரம். இருந்தால் அது சாட்சி.

சீட்டு இல்லாமல் போவது என்றால் என்ன என்று மலையகத்தில் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1823இலிருந்து கணக்கு வைத்து, 2023இல் இருநூறு வருஷம் என்று கொண்டாடினோம், நடந்தோம், பேசினோம். எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு அடியில் புதைத்த முன்னோர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு கல் கிடையாது, பெயர் கிடையாது. என் தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர் எத்தனை இறாத்தல் பால் கொண்டுவந்தார் என்பதை மட்டும் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை எங்கேயோ எழுதியிருப்பார். இங்கேயும் அதே கதைதான்: எடை பதிவாகிறது, பெயர் பதிவாவதில்லை.

மீனுக்குச் சீட்டு ஒட்டினால் அதெல்லாம் சரியாகிவிடாது. ஆனால் எழுதுகிற பழக்கம் எங்கேயாவது தொடங்கத்தானே வேணும். நீங்களும் ஒரு மீனைப் பாடம் பண்ணினால், அல்லது ஒரு படம் எடுத்தாலே போதும், இவ்வளவையும் எழுதி வையுங்கள்: மீனின் பெயர், ஊரில் சொல்லும் பெயர், நீளம், பிடித்த இடம், தேதி, உயிரோடு இருந்தபோது என்ன நிறம், அன்றைக்குத் தண்ணி எப்படி இருந்தது. கொஞ்சம் இடம் வெறுமையாக விடுங்கள். பார்க்க வருகிறவர்கள் சொல்வதை எழுத அது தேவைப்படும். கிலோவைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம், இடம் மிஞ்சினால்.