கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று நாட்கள்

மதுரையிலிருந்து மேற்கே கிளம்பினால் உசிலம்பட்டி வரைக்கும் வெயில்தான். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும். தேனிக்கு அப்பால் ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் மேகமலை. நடுவே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக ஊர்கள். நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு.

சகோதரிகளே, ஊர் பார்த்த கதையோடு இன்னொரு விஷயத்தையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். எனக்குச் சிறுநீரை அடக்க முடியாது. நான்கு வருஷத்துக்கு முன் முதுகெலும்பு வட்டு பிதுங்கி இடுப்பு நரம்புகளை நசுக்கிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு நடை வந்தது. அடக்கும் சக்தி வரவில்லை. இரவும் பகலும் டயப்பர்தான். அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்காரர் மட்டும்தான் போய் வந்தார். இந்தச் சித்திரையில் கம்பத்திலிருக்கும் என் மதினி, “வீரபாண்டித் திருவிழாவுக்கு நீ வராட்டி நானும் போகலை” என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். கிளம்பினேன்.

போகும்போது ரயில். 2010 கடைசியில் நின்றுபோன பழைய மீட்டர் கேஜ் ரயில், அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இது டிக்கெட் காசு மிச்சம். என் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம், பெட்டியில் கழிப்பறை இருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டரிடம் எதைச் சொல்லி நிறுத்தச் சொல்வது? தேனியிலிருந்து கம்பத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் பஸ்தான். அதனால் தேனி ஸ்டேஷன் வருவதற்கு முன்பே டயப்பரை மாற்றிக்கொண்டு இறங்கினேன்.

பையில் என்னென்ன வைத்தேன் என்று கேட்பீர்கள். நாளைக்கு ஐந்து கணக்கில் டயப்பர், கூட இரண்டு. மாற்று உள்பாவாடை ஒன்று. பழைய நியூஸ் பேப்பர், ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் பை, சின்னத் துண்டு, தேங்காய் எண்ணெய் சீசா. கட்டுவதற்கு அடர்ந்த நிறத்தில் சுங்குடிச் சேலை. டயப்பர் வாங்கும்போது இடுப்பைச் சுற்றி அளந்து, அந்த அளவைப் பார்த்து வாங்குங்கள். பெரிதாக இருந்தால் தொடைப் பக்கம் கசியும். இறுக்கமாக இருந்தால் தோல் புண்ணாகும். டயப்பருக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனாலும் மளிகைச் செலவோடு சேர்த்து எழுத வேண்டிய செலவுதான்.

வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். அக்கினிச்சட்டி ஏந்திப் பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எனக்கு வாசலில் கால் தயங்கியது. இந்தக் கோலத்தோடு உள்ளே போகலாமா? பக்கத்தில் ஒரு இளம் தாய், நனைந்த துணியோடு கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மன் முன்னால் போய் நின்றாள். அந்தப் பிள்ளையை யாரும் விலக்கவில்லை. பிள்ளைக்கு இல்லாத தீட்டு எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? மதினி என் கையைப் பிடிக்க, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி கம்பத்தில் தங்கல். அடுத்தவர் வீட்டுப் பாய் என்றாலே எனக்கு நெஞ்சு பதறும். மதினி தானாகவே ரப்பர் ஷீட்டை விரித்து, அதன்மேல் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துப் போட்டார். “எம்புட்டு நாளைக்குத்தா ஒளிஞ்சுக்கிட்டே இருப்ப? எங்காத்தா கடைசி மூணு வருசம் இப்படித்தேன் இருந்துச்சு, நாந்தேன் பார்த்தேன்” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் வெந்நீரில் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவிய பிறகுதான் அடுத்ததைப் போடுவேன். ஈரம் இருந்தால் தொடை இடுக்கில் வெந்துபோகும். பவுடரை அள்ளிக் கொட்டக் கூடாது. ஈரத்தில் கட்டிதட்டி உறுத்தும்.

மறுநாள் விடிகாலை. கம்பத்தில் அந்த நேரத்தில் ஜீப்புகள் வரிசையாக மலைக்குக் கிளம்புகின்றன. கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதில் ஒருத்தி. மூன்று பிள்ளை பெற்றவள். மதினி என் கதையைச் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. “எனக்கும் இருமினா, சிரிச்சா, சுமை தூக்கினா போயிடுதுக்கா. ஜீப்பு குலுங்குறப்போ உசுரே போகுது. அதான் வேலைக்குப் போற நாளு தண்ணியே குடிக்கிறதில்லை” என்றாள்.

அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எனக்கு வந்தது வேறு, அவளுக்கு வந்தது வேறு. முல்லைப்பெரியாறு தெரிந்த ஊரில் மதகை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். என் உடம்பில் மதகு இருக்கிறது; திறந்து மூடும் மடைக்காரருக்குச் சேதி போகும் நரம்பு கெட்டுவிட்டது. அவளுக்குச் சேதி போகிறது. பிரசவத்தில் மதகைத் தாங்கும் தசை தளர்ந்துவிட்டது. அந்தத் தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கேகல் 1948-ல் எழுதி வைத்த பயிற்சி அது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போலக் கீழ்த் தசையை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும் வரை வைத்து, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகவும் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

தண்ணீரைக் குறைப்பது மருந்தல்ல. சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தி இன்னும் அவசரப்படுத்தும். கிருமித் தொற்றும் மலச்சிக்கலும் கூடவே வரும். குறைக்க வேண்டியது காப்பி, டீயை. எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் இருந்தால் உடனே காட்ட வேண்டும். முதுகு வலியோடு உட்காரும் இடம் மரத்துப்போய்ச் சிறுநீர் போக முடியாமலோ அடங்காமலோ போனால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேனிப் பக்கம் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெண்கள் பிரிவில் வெட்கப்படாமல் சொல்லலாம். அந்தப் பெண் அடுத்த லீவு நாளில் போய்க் காட்டுவதாகச் சொன்னாள். மதினி கூடப் போவதாக ஏற்பாடு.

அன்று சுருளி அருவிக்குப் போனோம். குளிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயப்பரோடு தண்ணீரில் இறங்கினால் அதிலிருக்கும் ஜெல் உறிஞ்சி உறிஞ்சிப் பாறாங்கல் போல் கனக்கும். கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும். அதனால் உடை மாற்ற மறைவான இடம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அருவித் தண்ணீர் தலையில் விழுந்தபோது நான்கு வருஷத்து அலுப்பும் இறங்கின மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப். பென்னிகுவிக் துரைக்கு 2013-ல் அங்கே மணிமண்டபம் திறந்தார்கள். 1895-ல் அவர் கட்டி முடித்த அணை, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. இந்தப் பக்கத்து வீடுகளில் சாமி படத்தோடு அவர் படமும் மாட்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் தேனி, மதுரை தாண்டி ராமநாதபுரம் வரைக்கும் போகிறது. அந்த ஆற்றங்கரையிலேயே பிளாஸ்டிக்கும் டயப்பரும் வீசிக் கிடந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. அது மண்ணில் மக்காது. கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். இறுகச் சுருட்டிப் பேப்பரில் பொதிந்து, தனிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். வெளியூரில் அதற்கு வழியில்லாவிட்டால் நான் கையோடு எடுத்து வந்துவிடுவேன்.

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை வாங்கினோம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் திராட்சை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தேன். தாகம் எடுத்தபோது தண்ணீரும் குடித்தேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒதுங்கி இருக்கும் மாமியாரோ, அக்காவோ, அத்தையோ இருந்தால், “வர்றீங்களா?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ரப்பர் ஷீட்டும் நாலு டயப்பரும் நீங்களே எடுத்து வைத்துவிட்டு, “கிளம்புங்க” என்று சொல்லுங்கள்.