நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை

உங்கள் பிள்ளையின் பள்ளி நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னட்டையில் ருக்குன் நெகாரா அச்சாகியிருக்கும். இறைவன் மீது நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியலமைப்புச் சட்டத்தை மதித்தல், சட்டத்தின் ஆட்சி, நன்னடத்தையும் ஒழுக்கமும் என்ற ஐந்தையும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். அது எதற்காக வந்தது என்பதைத்தான் பெரியவர்கள் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

1969 மே 13-இல் கோலாலம்பூரில் இனக் கலவரம் மூண்டது. அவசர நிலை பிரகடனமாயிற்று. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த நம் துன் சம்பந்தனும் அதில் ஓர் அங்கத்தினர். இத்தனை இன மக்களையும் இனி எது சேர்த்து வைக்கும் என்ற கவலையில் பிறந்ததே இந்தக் கோட்பாடு. 1970 ஆகஸ்டு 31-இல் பேரரசர் அதைப் பிரகடனம் செய்தார். சுதந்திரத்தோடு வந்ததல்ல, பட்ட பின் வந்த புத்தி.

அந்த ஐந்துக்கும் முன்னால் ஐந்து இலட்சியங்கள் உண்டு. நாட்டின் செல்வத்தை எல்லாரும் நியாயமாகப் பகிர்ந்து அனுபவிக்கும் சமுதாயம் அவற்றுள் ஒன்று. கோட்பாடுகள் நாம் நாட்டுக்குத் தர வேண்டியவை. இலட்சியங்கள் நாடு நமக்குத் தர ஒப்புக்கொண்டவை. நான் அப்படித்தான் படிக்கிறேன். பால்வெட்டுக்காரர் பிள்ளை வேறு எப்படிப் படிப்பேன்?

அதே காலத்தில்தான், 1968-இல் வந்த சட்டப்படி, பிரஜைகள் அல்லாதோர் வேலை பெர்மிட் எடுக்க நேர்ந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டப் பாட்டாளிகள் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். 1957-இல் சுதந்திரம் கிடைத்ததும், மலாய் மொழித் தேர்வு இல்லாமலே பிரஜாவுரிமைக்கு மனுச் செய்ய ஓராண்டு அவகாசம் இருந்ததுதான். எங்கள் லயத்தில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

என் அப்பாவும் சிவப்புக் கார்டுக்காரர். எப்படியோ பெர்மிட் கிடைத்துத் தங்கிவிட்டார். இரவில் நாங்கள் ருக்குன் நெகாராவை உரக்கப் படிப்போம். 'விசுவாசம்' வரும்போதெல்லாம் அவர் கேட்பார்:

"முப்பது வருசமா இந்த மண்ணுல கித்தா மரம் சீவுறேன். நான் என்ன துரோகமா பண்ணிட்டேன்? எங் கார்டு மட்டும் ஏன் செவப்பா இருக்கு?"

"புள்ளைங்கள படிக்க விடுங்க" என்பார் அம்மா.

பல ஆண்டுகள் கழித்துத்தான் மனுப் போட்டார். நேர்முகத்தில் மலாய்க்கார அதிகாரி, ருக்குன் நெகாரா தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் மலாய், மண்டோரிடமும் கடைக்காரரிடமும் பேசிப் பழகிய தோட்டத்து மலாய். ஆனால் இந்த ஐந்தையும் தட்டுத் தடங்கலின்றி ஒப்புவித்தாராம்.

"எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?"

"நான் பள்ளிக்கூடம் போனதே இல்லை, துவான். என் பிள்ளைகள் படித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன்."

நீலக் கார்டு கைக்கு வந்தபோது அவருக்கு வயது 62.