உப்பும் சர்க்கரையும்

ஒரு தெருவில் எத்தனை வைத்தியர்கள் குடியிருக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. தம் வீட்டுச் சிறு குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டிருக்கிறது என்று வாசலில் நின்று ஒரு தடவை சொன்னால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை பேரும் தாமாகவே வந்து சேர்ந்துவிடுவார்கள். பீஸ் என்று ஒரு காசு கேட்கமாட்டார்கள். ஆனால் மருந்து சொல்லாமல் திரும்பிப் போகவும் மாட்டார்கள்.

2023ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கும்பகோணத்தில் நமது இல்லத்திலும் இப்படி ஒரு வைத்தியர் மகாநாடு நடந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நமக்குப் பிறந்த கடைக்குட்டிக்கு அப்போது 16 மாதம். காலையில் இரண்டு தடவை வயிறு போயிற்று. மத்தியானத்துக்குள் ஏழு தடவை ஆகிவிட்டது. இடையிடையே வாந்தி வேறு.

"பல் முளைக்கிறது, அப்படித்தான் போகும்" என்றார் எதிர் வீட்டுக்காரர். "பல்லாவது, சொல்லாவது! இது மாந்தம்" என்றார் அடுத்த வீட்டு அம்மாள். ஜாதிக்காயும் மாசிக்காயும் உரைத்துக் கொடுக்கச் சொன்னார் ஒருவர். பாலை நிறுத்தச் சொன்னார் இன்னொருவர். திருஷ்டி கழிப்பதற்கு மிளகாயும் உப்பும் தயாராயின. "ஒரே மாத்திரை, உடனே கட்டிவிடும்" என்று உறுதி கூறினார் மருந்துக் கடைக்காரர். கைப்பேசி வழியாக வந்த யோசனைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாம் படித்தவர்கள் அல்லவா? ஆகையால் இவர்களையெல்லாம் பார்த்து மனத்துக்குள் சிரித்துக்கொண்டு, கடைக்குப் போய், 'ஓ.ஆர்.எஸ்.' என்னும் எழுத்துக்கள் பளிச்சென்று அச்சிடப்பட்டிருந்த பழரசப் பெட்டிகள் இரண்டை வாங்கி வந்தோம். குழந்தை அவற்றை ஆவலோடு உறிஞ்சிக் குடித்தது. நம் அறிவைப் பற்றி நமக்கிருந்த மதிப்பு ஒரு படி உயர்ந்தது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் குழந்தைக்கு நான்கு தடவை வயிறு போயிற்று. உயர்ந்த மதிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இவ்வளவு அமளியிலும் ஒரே பிடிவாதமாக இருந்தவர் நமது தாயார். "தண்ணீர் மட்டும் கொடுக்காதீர்கள். கொடுப்பதெல்லாம் அப்படியே போய்விடும். ஓட்டைக் குடத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?" என்பது அவருடைய கட்சி. குழந்தையின் தாயார், "நாக்கு வறண்டு கிடக்கிறதே, அத்தை!" என்று சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

இரவு எட்டு மணி இருக்கும். குழந்தை அழுதது, ஆனால் கண்ணீர் வரவில்லை. அழுகிற குழந்தையைக் கண்டால் கலங்குவது சகஜம். கண்ணீரில்லாமல் அழுகிற குழந்தையைக் கண்டபோது நமக்கு உண்டான பீதி வேறு வகையானது. நம் தெருக் கோடியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிராம சுகாதார நர்ஸ் ஒருவர் இருக்கிறார். ஓடிப் போய் அவரை அழைத்து வந்தோம்.

அந்த அம்மாள் எத்தனை தடவை வயிறு போயிற்றென்று முதலில் கேட்கவில்லை. "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?" என்று கேட்டார். நமக்குச் சொல்லத் தெரியவில்லை. போனதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த நாம், வராமலிருந்ததைக் கவனிக்கவே இல்லை! குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெள்ளக் கிள்ளி விட்டார். தோல் சட்டென்று படியாமல் சற்று நிதானமாகப் படிந்தது. கண்கள் குழிந்திருந்ததைக் காட்டினார். ஒரு கரண்டி தண்ணீரை உதட்டருகில் கொண்டு போனதும், குழந்தை தாவிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

"இவ்வளவு தாகமாகக் குடிக்கிறது, அது நல்லது. குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, எழுப்பினாலும் எழுந்திருக்காமல் மயங்கிக் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இதற்கு இப்போதே ஆரம்பிக்கலாம். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். நடுராத்திரிக்குள் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம்" என்றார்.

பிறகு தம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கொதித்து ஆறிய தண்ணீர் சரியாக ஒரு லிட்டர் அளந்து, முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்டிக் கலக்கினார். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் போடுவது தவறு. கரைத்ததை மறுபடி காய்ச்சுவது தவறு. ருசிக்காக மேலும் சர்க்கரை சேர்ப்பது தவறு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதும் தவறு. இவை நால்வகைத் தவறுகள்.

"எடை எவ்வளவு?" என்று கேட்டார். பத்துக் கிலோ என்றோம். "கிலோவுக்கு 75 மில்லி. ஆக, நான்கு மணி நேரத்தில் 750 மில்லி உள்ளே போக வேண்டும். இந்தத் தேக்கரண்டி ஐந்து மில்லி பிடிக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்."

நூற்றைம்பது கரண்டி! ஏறக்குறைய ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு கரண்டி.

"ஓட்டைக் குடத்தில்..." என்று நமது தாயார் ஆரம்பித்தார்.

"அது குடம் இல்லை, அம்மா, செடி. வாடினால் ஊற்றத்தானே வேண்டும்?" என்றார் நர்ஸம்மாள்.

தாயார் பதில் பேசவில்லை. உள்ளே போய், பல்லாங்குழி ஆடுவதற்காக வைத்திருந்த புளியங்கொட்டைகளைக் கொண்டு வந்தார். நூற்றைம்பதை எண்ணித் தரையில் குவித்து வைத்துக்கொண்டார். ஒரு கரண்டி உள்ளே போனதும் ஒரு கொட்டையை இந்தக் குவியலிலிருந்து அந்தப் பக்கம் தள்ளுவார். இருபதாவது கரண்டியில் குழந்தை வாந்தி எடுத்தது. எல்லாம் வீணாயிற்றென்று நாம் எழுந்துவிட்டோம். "பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஆரம்பியுங்கள். இன்னும் மெள்ளக் கொடுங்கள்" என்றார் நர்ஸம்மாள், சிறிதும் பதற்றமில்லாமல். தாயார் இருபது கொட்டைகளையும் எடுத்துப் பழைய குவியலிலேயே போட்டுவிட்டார்.

பதினோரு மணிக்குக் குழந்தையின் கண் தெளிந்தது. நடுநிசி தாண்டிய போது, பாட்டியின் மடியில் படுத்திருந்த குழந்தை, அந்த மடியை நன்றாக நனைத்துவிட்டது. புடவை நனைந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு ஸ்திரீயை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாள் லேடி டாக்டரிடம் காட்டினோம். தாய்ப்பாலையும் சாதத்தையும் வாழைப்பழத்தையும் நிறுத்தவே வேண்டாம் என்றார். பதினான்கு நாளைக்குத் தினம் 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கட்டும் மாத்திரை" எதுவும் சின்னக் குழந்தைக்கு ஆகாது, போக்கை நிறுத்துவதல்ல, போன நீரை ஈடு செய்வதே வைத்தியம் என்று விளக்கினார். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைப் பற்றியும் விசாரித்தார். 2016 முதல் சர்க்காரின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 6, 10, 14ஆம் வாரங்களில் கொடுக்கப்படுவது அது. நம் குழந்தைக்குக் கொடுத்தாகியிருந்தது. ஆயினும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பல. சொட்டு மருந்து காப்பது அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டுமே. ஆகவே சோப்புப் போட்டுக் கை கழுவுவதற்கு விடுமுறை கிடையாது.

உப்பிலும் சர்க்கரையிலும் அப்படி என்ன மகிமை இருக்கிறதென்று பிற்பாடு தேடிப் படித்தோம். நோயுற்ற குடல் வெறும் உப்பு நீரைச் சரியாக ஏற்பதில்லை. ஆனால் உப்பு, சர்க்கரையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தால், குடலின் சுவரில் இரண்டையும் சேர்த்தே உள்ளே விடுகிற ஒரு வாசல் இருக்கிறது. அவை நுழைந்த வழியே நீரும் பின்தொடர்ந்து போய்விடுகிறது. பேதி கடுமையாக இருக்கும்போதும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. ஆனால் அளவு முக்கியம். சர்க்கரை மிஞ்சினால், உடம்பிலுள்ள நீரையே அது குடலுக்குள் இழுத்து விடும். நாம் வாங்கி வந்த பழரசம் செய்த வேலை இதுதான் போலும். இத்தகைய பானங்களின் மேல் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போடலாகாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது.

இந்த வித்தை பெருவாரியாகப் பரீட்சிக்கப்பட்டது நம் நாட்டில்தான். 1971ல் கிழக்கு வங்காளத்தில் யுத்தம் மூண்டு, லட்சக்கணக்கான ஜனங்கள் அகதிகளாக எல்லை தாண்டி வந்தார்கள். முகாம்களில் காலரா பரவிற்று. எல்லை ஓரத்துப் போன்காவ் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் உப்பு நீர் போதவில்லை. அங்கே பணி புரிந்த டாக்டர் திலீப் மஹலானபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கலந்து, அதை நோயாளிகளின் உற்றார் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மடிந்துகொண்டிருந்த நிலைமை மாறி, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாயிற்று. 1978ல் லண்டன் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் வைத்திய முன்னேற்றங்களில் மிக முக்கியமானது இதுவாகவே இருக்கக் கூடும் என்னும் கருத்தை வெளியிட்டது. 2022ல் தமது 87ஆம் வயதில் காலமான அந்த டாக்டருக்கு மறு வருஷம் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இதையெல்லாம் ஒருநாள் சாயங்காலம் தாயாருக்குப் படித்துக் காட்டினோம். 1978 என்னும் எண் வந்ததும், "நிறுத்து" என்றார்.

நமக்கு ஓர் அக்காள் இருந்தாள் என்பது நமக்குத் தெரியும். நாம் பிறப்பதற்கு முன்பே பத்து மாதக் குழந்தையாகப் போய்விட்டவள். ஒரு ஜோடி வெள்ளிக் காப்பு இன்னமும் பெட்டியில் இருக்கிறது. "ஜுரம்" என்று மட்டுமே சொல்லி வைத்திருந்தார்கள். அன்றுதான் தாயார் வாய் திறந்தார்.

"அவளுக்கும் இதே மாதிரிதான். 1978ல், ஆடி மாதம். இரண்டு நாள் தண்ணீருக்குக் கையை நீட்டினாள். கொடுக்காதே என்றார்கள் பெரியவர்கள். நான் கொடுக்கவில்லை." சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "நூற்றைம்பது கரண்டிதானே, அப்பா! அன்றைக்கு யாராவது வந்து சொல்லியிருந்தால் ஆயிரம் கரண்டி கொடுத்திருப்பேனே!" என்றார்.

லண்டன் பத்திரிகை புகழ்ந்து எழுதிய அதே வருஷம் அது. போன்காவில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வங்காளத்தில் தெரிந்திருந்த செய்தி நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை; அவ்வளவுதான். தாயாருடைய அன்பிலே ஏதேனும் குறை இருந்ததா? இல்லவே இல்லை. பிள்ளையின் தாகத்தைக் கண்டும் தண்ணீர் கொடுக்காமலிருப்பதற்கு எவ்வளவு மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்! அந்தக் கஷ்டத்தையும் அன்பினாலேயே அவர் பட்டார். அன்புக்கு வழி தெரியவில்லை.

இன்றைக்கும் உலகத்தில் ஒரு வருஷத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 4,40,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. மருந்துப் பொட்டலமோ சில ரூபாய்தான். சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். பொட்டலம் கிடைக்காத அகாலத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து உடனே ஆரம்பித்துவிடலாம். உப்பு ஒரு சிட்டிகைகூட அதிகமாகக் கூடாது. அதிகமானால் அதுவே அபாயம்.

நமது தாயார் இப்போது தம் அஞ்சறைப் பெட்டியின் பக்கத்திலேயே நான்கு பொட்டலங்கள் வைத்திருக்கிறார். தெருவில் எந்த வீட்டுக் குழந்தைக்காவது வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டால், வைத்தியர் மகாநாட்டுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேருகிறார். கையில் ஒரு பொட்டலம், ஒரு தேக்கரண்டி. இடுப்பு முடிச்சில் நூற்றைம்பது புளியங்கொட்டை.