வெளிச்சத்தைப் பங்கு போடுதல்

1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதல் செயற்கை விழிலென்ஸை ஒரு மனிதக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தைத்த காக்பிட் அக்ரிலிக் சில்லுகள் அழற்சி தராததை அவர் கவனித்திருந்தார். 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், லென்ஸின் விலையைச் சாமானியர்களுக்கு எட்டும்படி இறக்கியது. இன்று நம் முன்னால் இருப்பது வேறு கேள்வி: எந்த லென்ஸ்?

சாதா லென்ஸ் வெளிச்சம் முழுவதையும் ஒரே தூரத்துக்குக் குவிக்கும். மல்டிஃபோகல் அதையே கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பங்கு போடுகிறது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கலாம். ஆனால் இருட்டில் பாப்பா விரியும்போது, குவியாத பங்கு விளக்கைச் சுற்றி வளையமாகத் தெரியும். மங்கலான பொருள் பின்னணியோடு கலந்துவிடும். மிச்சமிருக்கும் சிலிண்டர் பவர், கண் வறட்சி, லென்ஸ் மையம் விலகுவது, பின்னுறை மங்குவது, விழித்திரைக் கோளாறு எல்லாமே பார்வையைக் கெடுக்கும். வளையங்களைக் கண்டுகொள்ளாமலிருக்க மூளை பழகச் சில மாதங்கள் ஆகலாம். எல்லாருக்கும் பழகிவிடுவதில்லை.

உப்பளத்தில் இருக்கும் என் அப்பா மீன் வியாபாரி. விடியற்காலை நாலு மணிக்கு டிவிஎஸ்ஸில் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். வலது கண்ணில் மல்டிஃபோகல் வைத்து ஏழு மாதம் ஆகிறது. "எதிர்ல வர்ற லைட்டுக்கெல்லாம் மாலை போட்ட மாதிரி இருக்குடா" என்கிறார். லென்ஸில் பழுதில்லை, அதன் சுபாவமே அதுதான். பட்ஜெட் எவ்வளவு என்று விசாரித்த ஆஸ்பத்திரியில், இருட்டில் வண்டி ஓட்டுவீர்களா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அடுத்து இடது கண். தூரத்துக்கான சாதா லென்ஸே போதும் என்று முடிவு செய்துவிட்டார்.

"பேப்பரக் கண்ணாடி போட்டுப் படிச்சிக்கலாம். ரோட்ட எப்பிடிடா பாக்கறது?"