பாத்தூர் எரிமலையின் விளிம்பில் ஏரித்தாயின் ஆலயம்

இந்தோனேசிய நாட்டின் பாலித் தீவில் வாழும் இந்துக்கள் இரண்டு மலைகளைத் தெய்வத்தின் உறைவிடமாகவே போற்றுகின்றனர். ஒன்று, 3,000 மீட்டருக்கும் மேல் ஓங்கி நிற்கும் ஆகுங் மலை. மற்றொன்று, 1,717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் மலை. இரண்டுமே எரிமலைகள். பசுபதியாகிய சிவபெருமான் மகாமேருவைப் பிளந்து, அதன் பகுதிகளைக் கொணர்ந்து, நிலையின்றி அசைந்துகொண்டிருந்த இத்தீவை நிலைநிறுத்தினார் என்றும், அப்பகுதிகளே இவ்விரு மலைகள் என்றும் அவர்களது புராணம் கூறுகிறது. ஆகுங் மலை ஆண் தெய்வத்திற்குரியது. பாத்தூர் மலையும் அதன் அருகே விரிந்து கிடக்கும் ஏரியும் தேவி டானு என்னும் அன்னைக்குரியவை. பாலி மொழியில் 'டானு' என்றால் ஏரி. எனவே அவளை ஏரித்தாய் என்றே நாம் அழைக்கலாம்.

அத்தாயைத் தரிசிக்கும் பேறு சென்ற ஆண்டு எங்களுக்குக் கிட்டியது. எங்கள் மகன் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பணிபுரிகிறான். அங்கிருந்து பாலிக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரப் பயணம்தான். கைக்குழந்தையோடு கும்பகோணம் வரை வருவது அவ்வாண்டு இயலாது என்பதால், இரு வீட்டாரும் நடுவழியில் பாலியில் சந்திப்பதென முடிவாயிற்று. ஆறு மாதமும் சில நாட்களும் நிறைந்திருந்த பேரனை நாங்கள் முதன்முறையாகக் கையில் ஏந்தியது உபூத் என்னும் ஊரில்தான்.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு சிறு மனத்தாங்கலும் இருந்தது. குழந்தைக்கு முதல் முடியைப் பெர்த் நகரிலுள்ள ஓர் ஆலயத்தில் இறக்கலாமா என்று மருமகள் கேட்டாள். "குலதெய்வத்தின் சந்நிதியில் அல்லாமல் முதல் முடி இறக்குவது நம் வீட்டில் வழக்கமில்லை அம்மா" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். "சரிங்க அத்தை" என்பதற்கு மேல் மருமகளும் பேசவில்லை. அடுத்த வருகை எப்போது வாய்க்கும் என்பதை மகனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாத்தூர் மலைக்குப் புறப்பட்ட அன்றும் அந்த மௌனம் நீடித்தது.

இளைஞர்கள் நள்ளிரவு கடந்ததும் புறப்பட்டு, இருளிலேயே மலையேறி, உச்சியில் சூரிய உதயம் காண்பர். பச்சிளங்குழந்தையும் முதியோரும் உள்ள குடும்பத்திற்கு அது உகந்ததன்று. நாங்கள் காலை எட்டு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். தெகாலாலாங் பகுதியின் படிப்படியான நெல்வயல்களைக் கடந்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சாலை மேல்நோக்கியே செல்கிறது. உயரம் ஏறும்போது குழந்தைக்குக் காது அடைக்கும் என்பதால், நடுவே வண்டியை நிறுத்தி மருமகள் பாலூட்டினாள். கிந்தாமணி வட்டாரத்தை அடைந்ததும் ஏற்காட்டை நினைவூட்டும் குளிர் காற்று முகத்தில் பட்டது.

பெனலோகான் என்னும் இடத்தில் இறங்கினோம். 'பார்க்கும் இடம்' என்பதே அப்பெயரின் பொருள். அங்கு கண்ட காட்சியை எளிதில் சொல்லிவிட முடியாது. நாம் நிற்பது மலையுச்சி அன்று, மாபெரும் கிண்ணம் ஒன்றின் விளிம்பு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிருந்த பெரிய எரிமலை வெடித்துத் தன்னுள்ளே சரிந்ததால் உண்டான பள்ளம் அது. நீளவாக்கில் 13 கிலோமீட்டருக்கும் மேல், அகலவாக்கில் 10 கிலோமீட்டர். அதன் நடுவே பிற்காலத்தில் எழுந்ததே இன்றைய பாத்தூர் மலை. அதன் ஒருபுறம் பிறை வடிவில் நீலமாகக் கிடக்கிறது பாலியின் மிகப் பெரிய ஏரி. மறுபுறம் கரிக்கட்டைகளைக் கொட்டிப் பரப்பினாற்போல் கருமையான பாறைவெளி. 1963ஆம் ஆண்டு வழிந்தோடிய எரிமலைக் குழம்பு உறைந்த இடம் அது. இம்மலை கடைசியாகச் சீறியது 2000ஆம் ஆண்டில். 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவியியல் பூங்காக்களின் வரிசையில் இப்பகுதி சேர்க்கப்பட்டது.

வளைந்து இறங்கும் சாலையில் அந்தக் கருநிலம் வரை சென்றோம். பாறை இடுக்குகளில் சிறு புற்களும் பெரணிச் செடிகளும் தலைகாட்டியிருந்தன. ஏரிக்கரையிலோ வெங்காயமும் தக்காளியும் முட்டைக்கோசும் செழித்திருந்தன. சுட்டெரித்த சாம்பலே பின்னர் உரமாயிற்று.

பேரனின் பாதத்தை ஒரு கணம் அம்மண்ணில் பதிய வைக்கலாமே என்று மகன் குனிந்தான். வாகன ஓட்டுநர் பணிவோடு கைகூப்பித் தடுத்தார். அவர் பாலி இந்து. ஆங்கிலம் ஓரளவு பேசுவார். புதிதாகப் பிறந்த குழந்தை தேவலோகத்திலிருந்து அப்போதுதான் வந்திருப்பதாக அவர்கள் கருதுகின்றனர். ஆகையால் அதற்குரிய சடங்கு நிறைவேறும் வரை குழந்தையைத் தரையில் விடுவதில்லை. சில ஊர்களில் 105ஆம் நாள், சில ஊர்களில் 210ஆம் நாள் அச்சடங்கு நடைபெறும். அவர் ஊர்க் கணக்கு 210. எங்கள் பேரனுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. என் மனைவி உடனே குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். முழங்கால் வலி உள்ளவள், அன்று மாலை வரை அவனைக் கீழே விடவேயில்லை.

ஓட்டுநர் கருநிலத்தின் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, பழைய பாத்தூர் கிராமம் மலையடிவாரத்தில் இருந்ததாகக் கூறினார். 1917ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் எரிமலைச் சீற்றத்திலும் அத்தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் நெருப்புக் குழம்பு ஆலய வாயிலில் நின்றுவிட்டதாக ஊர் மக்கள் நம்பினர்; அன்னை காத்தாள் என்று அங்கேயே மீண்டும் குடியிருந்தனர். 1926ஆம் ஆண்டு மலை மறுபடியும் சீறியது. இம்முறை கிராமமும் ஆலயமும் குழம்பின் அடியில் மறைந்தன. அன்னைக்குரிய பதினோரு அடுக்கு மேரு மட்டும் தப்பியது. மக்கள் அதனை எடுத்துக்கொண்டு கிண்ணத்தின் விளிம்பிற்கு ஏறினர். அங்கே புதிய ஊரையும் புதிய ஆலயத்தையும் அமைத்தனர். ஊருக்குப் பழைய பெயரே நிலைத்தது.

"பிறந்த இடம் போயிற்றே, அவள் கோபித்துக்கொள்ளவில்லையா?" என்று என் மனைவி கேட்டாள். மகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னான். "அவளும் எங்களோடு ஏறி வந்தாள்" என்று மட்டும் அவர் விடையளித்தார்.

அந்த ஆலயமே உலுன் டானு பாத்தூர். இடுப்பில் சாரமும் கச்சையும் கட்டிக்கொண்டு நுழைய வேண்டும். வாயிலில் வாடகைக்குக் கிடைக்கும். பத்துகாரு போன்ற சில ஆலயங்களில் பால் பற்கள் விழாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஓட்டுநர் முன்னதாகச் சென்று பூசகரிடம் கேட்டுவந்தார். அவர் புன்னகையோடு அழைத்தார். கரிய கல்லாலான வாயிலைக் கடந்தால், நம் கோபுரங்களைப் போலன்றி, கரும்பனை நாரால் வேய்ந்த கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயர்ந்த மேருக்கள். பனையோலைத் தட்டில் வைத்த மலர்களும் ஊதுவத்தியும் கொண்டு வழிபட்டோம். பூசகர் மும்முறை தீர்த்தம் தெளித்து, நெற்றியில் ஈர அரிசியை ஒட்டினார். நம் அட்சதையேதான். குளிர்ந்த துளி பட்டதும் பேரன் சிலிர்த்துச் சிரித்தான்.

தீர்த்தமே அவர்களது சமயத்தின் உயிர்நாடி. 'ஆகம தீர்த்தம்' என்றே அதற்குப் பெயருண்டு. இந்த ஏரித்தாயே வயல்களுக்கு நீர் அருள்பவள் என்பதால், சுபாக் எனப்படும் உழவர் பாசனச் சங்கங்கள் இங்கு வந்து காணிக்கை செலுத்துகின்றன. எந்த வயலுக்கு எப்போது நீர் என்பது நீர்க்கோயில்களின் முறைப்படியே நெடுங்காலம் நடந்துவந்தது. 1970களில் புதிய நெல் வகைகள் வந்தபோது அம்முறை தளர்ந்து, அவரவர் விருப்பப்படி பயிரிட்டதில் பூச்சிகளும் நீர்ப் பற்றாக்குறையும் பெருகின. பின்னர் பழைய முறைக்கே உழவர்கள் திரும்பினர். ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதனை விரிவாக எழுதியுள்ளார். வங்கியில் பல ஆண்டுகள் விவசாயக் கடன்களைக் கையாண்ட எனக்கு, ஓர் ஆலயம் நீர்க் கணக்கைப் பேணிக் காத்த செய்தி பெருவியப்பளித்தது.

மண்டபத்தில் சற்று அமர்ந்திருந்தோம். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த குலதெய்வத்தின் திருநீற்றை என் மனைவி பேரனுக்கு இட்டாள். பின்பு மருமகளிடம், "அங்கேயே முடி இறக்கு அம்மா. அதற்கு முன் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து, நம் ஆத்தாளை நினைத்துப் பூஜையறையில் வை. எப்போது வர முடிகிறதோ அப்போது கொண்டுவந்து செலுத்தலாம். காது குத்துவது மட்டும் நம் ஊரில்தான்" என்றாள். மருமகளின் கண்கள் நிறைந்தன. "கட்டாயம் வருவோம் அத்தை" என்று அவள் கையைப் பற்றிக்கொண்டாள். கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளை எண்ணிக் கலங்கும் பெற்றோர் பலர். நெருப்பில் ஊரை இழந்தவர்கள் தெய்வத்தைச் சுமந்துகொண்டு மேலே ஏறினார்கள் என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மதியத்திற்குப் பின் மூடுபனி கவிந்துவிடும்; முற்பகலே சிறந்தது. கம்பளி ஆடை அவசியம். ஏரிக்கரை உணவகங்களில் மீன் உணவே மிகுதி என்பதால் சைவ உணவைக் கையோடு கொண்டு செல்க. ஆலயப் படிகளை மெல்ல ஏறினால் முதியோருக்குச் சிரமமில்லை. பாலி நாட்காட்டியின் பத்தாம் மாதப் பௌர்ணமியில், அதாவது மார்ச் அல்லது ஏப்ரலில், பெருவிழா நடைபெறும்.

எரிமலையின் விளிம்பில் வீற்றிருந்து வயல்களைக் குளிர்விக்கும் அந்த அன்னை, எங்கெங்கோ வாழும் நம் குழந்தைகள் அனைவரையும் காத்தருள்வாளாக!