பூஸ்ட் ஏறும்போது வெட்டும் வண்டி

சக்தி கூட்ட இன்ஜின் கணினியை ரீமேப் செய்த நாலாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ பட்டறைக்கு வந்தால், ஓட்டுபவர் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஐடிலில் பிசிறில்லை. ஊருக்குள் ஓட்டும்போதும் ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் மட்டும், டர்போ காற்றைத் தள்ளத் தொடங்கிய கணத்தில், வண்டி வெட்டுகிறது. பெட்ரோல் வராமல் திணறுவது போலவே இருக்கும். அதை நம்பி ஃபில்டரை மாற்றியவர்கள் உண்டு, பம்பையே மாற்றியவர்களும் உண்டு. இந்த இன்ஜினில் ஊறிய மெக்கானிக்கின் கை முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றத்தான் போகும்.

அதற்கான காரணத்தை 1889-லேயே ஃப்ரீட்ரிக் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் அளந்து வைத்துவிட்டார். இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாவ எத்தனை வோல்ட் வேண்டும் என்பது, அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் முனைகளுக்கு இடையிலான தூரத்தையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. டர்போ 1 பார் பூஸ்ட் தருகிறது என்றால், இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு. பிஸ்டன் அதை மேலும் நசுக்கி முடிக்கும் நேரத்தில்தான் பொறி விழ வேண்டும். பூஸ்ட் இல்லாதபோது சிரமமில்லாமல் தாவிய அதே பொறிக்கு இப்போது பல ஆயிரம் வோல்ட் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

‘பூஸ்ட் ஸ்பார்க்கை ஊதி அணைத்துவிடுகிறது’ என்று பட்டறைகளில் சொல்வார்கள். காற்றில் விளக்கு அணைவது போலக் கற்பனை செய்ய வசதியான விளக்கம். பெரும்பாலும் நடப்பதோ வேறு: பொறி பிளக் முனையில் பிறப்பதே இல்லை. காயிலுக்குள் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகிறது. பிளக் முனையில் தாவ முடியாதபோது, வேறு சுலபமான வழி கிடைத்தால் அதில் இறங்கிவிடுகிறது. காயிலின் ரப்பர் பூட்டில் ஒரு மெல்லிய வெடிப்போ, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் படிந்த கரிக்கோடோ போதும். அதன் வழியே ஓடி ஹெட்டின் உலோகத்தில் எர்த் ஆகிவிடும். கழற்றிய பிளக்கின் பீங்கானில் பென்சிலால் கீறியது போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் விசாரணை பாதி முடிந்தது. அந்தப் பூட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய கோடு புதியதிலும் வழி போட்டுக்கொள்ளும்.

கோல்ஃபில் இருக்கும் 1.8டி என்ற இந்த இன்ஜினுக்கு இந்த விஷயத்தில் நீண்ட சரித்திரம் உண்டு. 1781 சிசி, சிலிண்டருக்கு ஐந்து வால்வாக மொத்தம் 20 வால்வு. 1990-களின் நடுவில் ஆடி ஏ4-ல் வந்து, பிறகு கோல்ஃப், பஸாட், ஆடி டிடி என்று அந்தக் குடும்பம் முழுக்கப் பரவியது. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வழியாக இந்தியச் சாலைகளுக்கும் வந்தது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில். 2000-களின் தொடக்கத்தில் அந்தக் காயில்கள் அடிக்கடி செத்தன. அமெரிக்காவில் 2003-ல் ஃபோக்ஸ்வாகன் அவற்றை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. டிக்கியில் ஸ்டெப்னியோடு ஒரு காயிலையும் போட்டு வைத்துக்கொள்வது அந்தக் கால உரிமையாளர்களின் வழக்கம். ஆகவே இந்தக் காரில் இக்னிஷனை ‘அப்கிரேட்’ செய்கிறோம் என்பதில் பாதி, பழுது பார்ப்பதுதான்.

அப்கிரேட் என்றதும் எல்லோரும் கேட்பது சிவப்புத் தலை காயில். ஆடி ஆர்8 என்ற சூப்பர் காருக்காக வந்தது. அடுத்த தலைமுறை கோல்ஃபின் 2.0 லிட்டர் டர்போ இன்ஜினில் அப்படியே அழுத்தினால் உட்கார்ந்துவிடும், 1.8டி-யில் உட்கார வைக்க வால்வ் கவர் மேல் ஓர் அலுமினிய அடாப்டர் வேண்டும். கனெக்டர் பொருந்துகிறது, பார்க்கவும் அழகு. குதிரைத்திறன் கூடுமா என்றால், கூடாது. பழைய காயில் ஒழுங்காகப் பொறி விட்டுக்கொண்டிருந்த இன்ஜினில் இதை மாட்டி டைனோவில் ஏற்றினால் இரண்டு வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடக்கும். கலவை ஒருமுறை ஒழுங்காகப் பற்றிக்கொண்டால், பற்றவைத்த பொறி பெரிதா சிறிதா என்று பிஸ்டனுக்குக் கவலையில்லை. வாங்குகிறவர் காசு கொடுப்பது புதிய காயிலுக்கும் கொஞ்சம் உபரி வோல்டேஜுக்கும். மீதி அந்தச் சிவப்புக்கு.

இதைவிட விலை கூடிய, ‘அதிக சக்தி’ என்று அட்டையில் அச்சடித்த காயில்களிடம்தான் உண்மையில் எச்சரிக்கை வேண்டும். காயில் தானாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. பேட்டரியின் 12 வோல்ட்டை சில மில்லிசெகண்ட் உள்ளே வாங்கி, காந்தப் புலமாகச் சேர்த்துவைத்து, கரண்ட்டைத் துண்டிக்கும் நொடியில் உயர் வோல்டேஜாக வெளியே விடுகிறது. அந்தச் சில மில்லிசெகண்டுக்கு டுவெல் என்று பெயர். எவ்வளவு என்பதை இன்ஜின் கணினியான ஈசியூ முடிவு செய்கிறது. பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் நேரத்தை நீட்டவும் அதற்குத் தெரியும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 50 பொறி, அதாவது 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஒரே காயில் நாலு சிலிண்டருக்கும் உழைத்த டிஸ்ட்ரிபியூட்டர் காலத்தில் அந்த அவகாசம் 5 மில்லிசெகண்ட்தான். சிலிண்டருக்கு ஒரு காயில் வந்தபின் நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈசியூவில் எழுதியிருக்கும் டுவெல் கணக்கு பழைய காயிலுக்கானது. புதியது இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கும் ரகமாக இருந்தால் அரைகுறையாக நிரம்பி, பழையதைவிட பலவீனமான பொறியைத் தரும். சீக்கிரம் நிரம்பும் ரகமாக இருந்தால் மிச்ச நேரம் முழுக்கக் கரண்ட் வீணாக ஓடி, சூடேறிச் சாகும். ரீமேப் செய்பவரிடம் டுவெல் டேபிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் காயில் வாங்குவது வீண் செலவு.

நாலு காயிலின் விலையில் சிறு பங்கைத்தான் பிளக் கேட்கிறது. காரியமும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. பாஷென் சொன்ன பெருக்கலில் அழுத்தத்தைக் குறைக்க முடியாது, அதற்குத்தானே டர்போவே. குறைக்க முடிவது தூரம். இந்த இன்ஜினில் கேப் வழக்கமாக 0.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ரீமேப் செய்த வண்டிக்கு அதை 0.7-க்குக் கொண்டுவருவது உலகெங்கும் இந்த இன்ஜின்காரர்கள் செய்வது. பெரிய டர்போ மாட்டியவர்கள் 0.6 வரை போகிறார்கள். அதற்கும் விலை உண்டு: கேப் சுருங்கச் சுருங்க முதலில் பிறக்கும் தீக்கரு சிறுத்துப்போகிறது, உலோக முனைகள் அதன் சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றன, ஐடில் நடுங்க ஆரம்பிக்கிறது. எனவே எடுத்த எடுப்பில் 0.6-க்குப் போகிறவரிடம் நிதானம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பூஸ்டில் வெட்டு நிற்கும் அளவில் கேப்பும் நிற்க வேண்டும்.

கேப் குறைக்கும்போது வெளி முனையை மட்டும் மெதுவாகத் தட்டி ஃபீலர் கேஜில் பார்க்க வேண்டும். இரிடியம் பிளக்கில் நடுமுனை ஊசி போல மெல்லியது. அதில் கருவியை ஊன்றி நெம்பினால் பீங்கானோடு போய்விடும். இதனாலேயே பலர் என்ஜிகேயின் பிகேஆர்7இ என்ற சாதாரண நிக்கல் பிளக்கை விரும்புகிறார்கள். மலிவு, கேப் வைக்கச் சுலபம். இரிடியம் அளவுக்கு உழைக்காது, முனை தேயத் தேயக் கேப் அகலும், வெட்டு திரும்பி வரும். அப்போது மாற்றிவிட வேண்டியதுதான்.

பிளக்கின் பெயரில் உள்ள அந்த 7 சூட்டு எண். என்ஜிகேயில் எண் ஏறினால் குளிர்ந்த பிளக், அதாவது முனையின் சூட்டைச் சீக்கிரம் இறக்கும் பிளக். பாஷில் அப்படியே தலைகீழ், எண் ஏறினால் சூடான பிளக். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கினால், குளிர்ந்த பிளக் என்று நினைத்துச் சூடானதை மாட்டி, முனை பழுத்து, பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை போடும் வழி அது. 75 முதல் 100 குதிரைத்திறன் வரை கூட்டினால் ஒரு படி குளிர்ந்ததற்குப் போகலாம் என்பது என்ஜிகே சொல்லும் தோராயக் கணக்கு. அதற்கு மேல் குளிர்ந்தால் முனை தன் கரியைத் தானே எரிக்கும் வெப்பத்துக்கு ஏறாது, ஊர் ஓட்டத்திலேயே கறுத்துவிடும்.

எல்லாக் காரிலும் பிளக் வெறும் பிளக் அல்ல. சாப் கம்பெனியின் டர்போ கார்களில் நாலு காயிலும் ஒரே கேஸட்டில் இருக்கும். பொறி விட்டு முடித்தபின் அதே பிளக் முனையில் அயனிகளை அளந்து, இன்ஜின் நாக் அடிக்கிறதா, அதாவது கலவை கட்டுமீறி வெடிக்கிறதா என்று பார்க்கும். அங்கே பிளக்கின் ரகத்தை மாற்றினால் ஈசியூவின் காதையே மாற்றியது போல. நல்லவேளை, கோல்ஃபுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நாக் சென்சார் தனியாக பிளாக்கில் உட்கார்ந்திருக்கிறது.

மாட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும், கையால் திரெட் பிடித்த பிறகே டார்க் ரெஞ்ச், 30 நியூட்டன் மீட்டர். திரெட்டில் கிரீஸ் தடவும் பழைய பழக்கம் வேண்டாம்; வழுக்கலால் ரெஞ்ச் காட்டும் அளவை மீறி இறுகிவிடும். குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் புதுக் காயிலை இறக்குவது பாவம். ஆயிலில் ஊறிய பூட் சீக்கிரமே உப்பி வெடிக்கும். காயில் வயரிங்கையும் வளைத்துப் பார்க்க வேண்டும். இருபது வருட இன்ஜின் சூட்டில் இந்தக் கார்களின் வயர் உறை பிஸ்கட்டாக நொறுங்குவது எல்லோரும் அறிந்தது. புதுக் காயில் போட்டும் வெட்டு நிற்காத வண்டிகளில் கணிசமானவை இந்த வயரில்தான் மாட்டுகின்றன.

பிறகு சோதனை. ஸ்கேனரில் பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பொருள். அந்தக் காயிலை இரண்டாவதோடு இடம் மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். குறியீடு பி0302 ஆனால் குற்றவாளி காயில். மூன்றிலேயே நின்றால் பிளக், வயர், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பார்க்கலாம். சோதனை ஓட்டத்தில் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும், அதன் விலை நாலு காயிலைவிடப் பல மடங்கு. பி0300 என்று எந்தச் சிலிண்டரையும் சுட்டாமல் வந்து, கேப்பும் வயரும் காயிலும் சரியாக இருந்தால், இக்னிஷனை விட்டுவிட்டு இன்டர்கூலர் குழாய்களில் எங்காவது கிளாம்ப் தளர்ந்து காற்று கசிகிறதா என்று தேடப் போகலாம்.